முதலில் கட்டுக்கோப்பு, பிறகு சட்டதிட்டம்!



மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பழைய ஆண்டு மலர்கள், கேள்வித்தாள்கள், விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றைக் கணினியில் முறையாகத் தொகுத்து வைக்க வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும். உடனே இரண்டு குரல்கள் எழும்.

முதற்குரல் சொல்லும்: "எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான ஒரு படிவம் முதலில் வரட்டும். அதற்கு ஒரு குழு அமைப்போம். அதுவரை யாரும் தொடங்க வேண்டாம்."

இரண்டாங்குரல் சொல்லும்: "அவ்வளவு தொல்லை எதற்கு? ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது."

இவ்விரண்டு குரல்களும் நம் பள்ளிகளின் நினைவுகளை அழிக்கின்றன என்பதே என் வாதம். முதற்குரல் வேலையைத் தொடங்கவே விடாது. இரண்டாங்குரல் வேலை முடிந்துவிட்டதாக நம்மை ஏமாற்றும்.

இழந்தது என்ன?

1896-ஆம் ஆண்டு டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் வணிக ரப்பர் தோட்டத் தொழில் நம் மலாக்கா மண்ணில்தான் வேர்விட்டது. அதன் பின்னர் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் எத்தனையோ தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்களோடு பள்ளிகளும் எழுந்தன. இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்த இடங்களும் உண்டு. வரிசை வீடுகள் இல்லை, கோயில் இடம் மாறிவிட்டது, மக்கள் பட்டணத்திற்குப் போய்விட்டனர். அந்த வாழ்க்கைக்கு எழுத்துச் சான்றாக எஞ்சியிருப்பவற்றுள் முதன்மையானவை பள்ளிகளின் தாள்களும் கோப்புகளுமே.

தாளையாவது கரையான் தின்னும்வரை படிக்கலாம். கணினிக் கோப்புகளின் கதை வேறு. முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருளின் வழியே நம் நாட்டில் கணினித் தமிழ் பரவியது. தொடர்ந்து பல எழுத்துருக்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் எழுத்துகளுக்கான எண் இருக்கை வேறு. ஒருங்குறி எல்லாரிடமும் வந்து சேருமுன் தட்டெழுதிய கோப்பை இன்று திறந்தால், உரிய எழுத்துரு இல்லாதபோது புரியாத குறிகளின் குவியலே திரையில் தெரியும். 'எழுத்து எழுத்தாகவே சேமிக்கப்பட வேண்டும்' என்னும் பாடத்தை ஒருங்குறி நமக்குக் கற்றுத் தந்தது. 'பொருள் பொருளாகவே சேமிக்கப்பட வேண்டும்' என்னும் அடுத்த பாடம் இன்னும் நம் பள்ளிகளுக்குள் வரவில்லை. அந்தப் பாடத்தின் பெயர்தான் எக்ஸ்.எம்.எல்.

எக்ஸ்.எம்.எல். என்பது என்ன?

பெயரைக் கேட்டு மருள வேண்டாம். 1998 பிப்ரவரி 10-ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட எளிய எழுதுமுறை அது. 'டேக்' எனப்படும் ஒட்டுகளை இட்டு, ஒவ்வொரு பகுதியும் இன்னது என்று பெயர் சொல்வதே அதன் வேலை. ஓர் ஆண்டு மலரை இவ்வாறு எழுதலாம்:

<ஆண்டுமலர் ஆண்டு="1998">
  <கட்டுரை>
    <தலைப்பு>எங்கள் தோட்டம்</தலைப்பு>
    <பத்தி>எங்கள் தோட்டத்தில் ஒரு கோயில் உண்டு.</பத்தி>
  </கட்டுரை>
</ஆண்டுமலர்>

ஒட்டுகளைத் தமிழிலேயே எழுதியிருப்பதைக் காண்க. இது விளையாட்டன்று. முதற்பதிப்பிலிருந்தே எக்ஸ்.எம்.எல். தமிழ் எழுத்துகளால் ஆன பெயர்களை ஏற்கிறது. 'கணினிக்குத் தமிழில் பெயர் சூட்ட முடியாது' என்று இன்றும் சொல்பவர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் பின்தங்கியிருக்கிறார்கள்.

இத்தகைய ஆவணம் கட்டுக்கோப்பானது எனப்பட வேண்டுமானால் முதன்மையான விதிகள் சிலவே:

1. ஆவணம் முழுவதையும் அணைக்கும் ஒரே ஓர் உறுப்பு வேண்டும். மேலே அது ஆண்டுமலர்.
2. திறந்த ஒட்டு ஒவ்வொன்றும் மூடப்பட வேண்டும்.
3. உள்ளே திறந்ததை உள்ளேயே மூட வேண்டும். தலைப்புக்குள் திறந்ததைத் தலைப்பு முடிந்தபின் மூடக்கூடாது.
4. பண்புக்கூறின் மதிப்பு மேற்கோள் குறிகளுக்குள் இருக்க வேண்டும். ஒரே ஒட்டில் ஒரே பண்புக்கூறு இருமுறை வரக்கூடாது.
5. ஒட்டின் பெயரில் இடைவெளி கூடாது. எண்ணில் தொடங்கவும் கூடாது.
6. < குறியையும் & குறியையும் உரைக்குள் அப்படியே இடக்கூடாது; அவற்றிற்கென உள்ள மாற்று வடிவங்களை இட வேண்டும்.

இவ்வளவுதான். இவற்றைக் கற்க ஒரு பிற்பகல் போதும். ஆண்டு 6 மாணவர்களே கற்றுக்கொள்வார்கள்.

கண்டிப்பு நமக்குத் துணை

இவ்விதிகளுள் ஒன்றை மீறினால் ஆவணத்தைப் படிக்கும் நிரல் அங்கேயே நின்றுவிடும். "இன்ன வரியில் பிழை" என்று சொல்லும். தானாகத் திருத்திக்கொண்டு மேலே செல்லாது. வலைப்பூ வைத்திருப்போர் இதைப் பட்டறிந்திருப்பர். ப்ளாகர் வார்ப்புருவே ஓர் எக்ஸ்.எம்.எல். ஆவணம். ஓர் ஒட்டை மூட மறந்துவிட்டால் அது சேமிக்க மறுக்கும்.

"ஏன் இந்தக் கொடுமை? வலைப்பக்கத்தில் பிழை இருந்தாலும் உலாவி காட்டிவிடுகிறதே!" என்று கேட்பார்கள். உலாவி என்ன செய்கிறது? நாம் சொல்ல வந்தது இதுவாக இருக்கலாம் என்று ஊகிக்கிறது. விளம்பரத் தாளுக்கு ஊகம் போதும். 1970-களில் ஒரு தோட்டப் பள்ளியில் யார் படித்தார், யார் கற்பித்தார் என்னும் பதிவுக்கு ஊகம் போதுமா? மாணவர் கட்டுரையில் ஒற்றுப் பிழையைக் கண்டால் சிவப்பு மையால் வட்டமிடும் நாம், நம் ஆவணத்தின் பிழையைச் சுட்டும் நிரலை மட்டும் கொடுமை என்பது என்ன நியாயம்?

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். திறக்கும் ஒட்டின் பெயரும் மூடும் ஒட்டின் பெயரும் குறியெண்ணுக்குக் குறியெண் ஒத்திருக்க வேண்டும். 'தொகுப்பு' என்னும் சொல்லின் முதலெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள்! திறந்தது ஒருவிதம், மூடியது மறுவிதம் என்றால் ஆவணம் கட்டுக்கோப்பை இழக்கும். பழைய எழுத்துருவிலிருந்து அரைகுறை மாற்றி கொண்டு மாற்றிய கோப்புகளில் இதற்கு மிகுந்த வாய்ப்புண்டு. ஒருங்குறியின் சீராக்க முறை இதனைத் தீர்க்கும்.

ஆனால் 'ஔ' என்னும் ஓரெழுத்துக்கு மாற்றாக 'ஒ' என்பதையும் 'ள' என்பதையும் அடுத்தடுத்துத் தட்டும் பழக்கம் நம்மிடையே இருக்கிறதே, அதைச் சீராக்கமும் தீர்க்காது. ஏனெனில் அங்கே உள்ளவை உண்மையிலேயே இரண்டு எழுத்துகள். ஔவையார் பாடலைத் தேடினால் கிடைக்காமற் போவது இதனால்தான். இதைத் திருத்த வேண்டியவர் மொழியாசிரியர்; கணிஞர் அல்லர்.

'படிவம் வரட்டும்' என்போருக்கு

எந்த ஒட்டுக்குள் எது வரலாம், எது கட்டாயம், எது எத்தனை முறை வரலாம் என்று முன்கூட்டியே விதிப்பது ஸ்கீமா. எக்ஸ்.எம்.எல். உடனேயே வந்த டி.டி.டி., 2001-இல் வந்த எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா, அதே ஆண்டின் ரிலாக்ஸ் என்.ஜி. எனப் பல வகைகளில் இதை எழுதலாம். இதிலே முதன்மையான செய்தி ஒன்றுண்டு: எக்ஸ்.எம்.எல். ஆவணத்திற்கு ஸ்கீமா கட்டாயமில்லை. கட்டுக்கோப்பு கட்டாயம், ஸ்கீமா விருப்பம். அமைத்தவர்களே அவ்வாறுதான் அமைத்தார்கள்.

காரணம் எளிது. நம் மரபுப்படி இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது. ஆவணங்களைக் கண்ணால் காணாமல் கூட்ட அறையில் அமர்ந்து வரையும் படிவம் உண்மையை நெரிக்கும். இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

முதலாவது, பெயர். 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கும் படிவங்களை இணையத்தில் நாள்தோறும் காண்கிறோம். தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? அடையாள அட்டையில் நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே மகன், மகள் என்னும் உறவுக்குறி நிற்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காகத் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகப் பொய் எழுதுகிறோம். அந்தப் பொய் விமானச் சீட்டு வரை தொடர்கிறது. இதே தவற்றை நாமே நம் பிள்ளைகளுக்குச் செய்யலாமா? 'தந்தை பெயர் கட்டாயம்' என்று ஸ்கீமாவில் ஒரு வரி எழுதிவிட்டால், தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளையின் பதிவு 'பிழை' என்று கணினி சொல்லும். பிழை அப்பிள்ளையிடம் இல்லை. அவ்வரியை எழுதியவரிடம் இருக்கிறது.

இரண்டாவது, இடம். 'பள்ளிக்கு ஓர் இடம்' என்று படிவம் சொல்லும். நம் பள்ளிகளின் கதை அப்படியா? தோட்டத்தில் தொடங்கி வேறிடம் பெயர்ந்த பள்ளிகள் உண்டு. தோட்டம் மறைந்த பின்னும் பள்ளிப் பெயரில் 'லாடாங்' என்னும் சொல் நிலைத்திருப்பதும் உண்டு. ஆகவே இடம் என்னும் உறுப்பு பலமுறை வரவேண்டும். ஒவ்வொன்றிலும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று இருக்க வேண்டும். ஆண்டு தெரியாவிடில் வெறுமையாக விட இடம் வேண்டும். பத்துப் பள்ளிகளின் தாள்களைத் தட்டெழுதிப் பார்த்தவருக்கு இது தானே புலப்படும். குழுவுக்குப் புலப்படாது.

உலக அளவிலும் பட்டறிவு இதுவே. நூல்களையும் சுவடிகளையும் மின்னாக்கம் செய்ய அறிஞர்கள் பயன்படுத்தும் டி.ஈ.ஐ. என்னும் நெறிமுறை 1987-இல் தொடங்கியது. அதன் ஐந்தாம் பதிப்பு 2007-இல்தான் வந்தது. இருபதாண்டுக் காலம் உண்மையான நூல்களோடு மல்லாடி, திருத்தித் திருத்தி வளர்த்தார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட உறுப்புகளைக் கொண்ட அந்நெறிமுறையே, 'உங்களுக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள்' என்றுதான் சொல்கிறது. 2019-இல் ஐரோப்பிய ஆய்வு மன்ற நிதியுடன் தொடங்கிய தர்மா திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் இந்நெறியைத் தழுவியே பதிப்பித்தது. கல்லில் சிதைந்த எழுத்து எது, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பிய எழுத்து எது என்று அங்கே தனித்தனியே குறிக்கலாம். நம் பழைய பதிவேட்டில் மை அழிந்த இடங்களுக்கும் இந்நேர்மை வேண்டும்.

'எந்த விதியும் வேண்டாம்' என்போருக்கு

அப்படியானால் ஸ்கீமாவே வேண்டாமா? அவ்வாறு சொல்ல வரவில்லை. கட்டுக்கோப்பு என்பது வடிவத்தின் ஒழுங்கு மட்டுமே. ஒருவர் <மாணவர்> என்று எழுதுவார். மற்றொருவர் <மாணவன்> என்பார். மூன்றாமவர் <மாணாக்கர்> என்பார். மூன்று ஆவணங்களும் கட்டுக்கோப்பானவையே. ஆனால் 21 பள்ளிகளின் கோப்புகளை ஒன்று சேர்த்து ஓர் அட்டவணை கேட்டால் கணினி விழிக்கும்.

மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்பில் 1998 பொங்கலன்று தொடங்கியது; எக்ஸ்.எம்.எல். வெளிவந்த அதே ஆண்டு. தன்னார்வலர்கள் தட்டெழுதித் தமிழிலக்கியத்தை இணையத்தில் ஏற்றினர். அவர்கள் ஸ்கீமாவுக்காகக் காத்திருந்தால் நமக்கு ஒரு நூலும் கிட்டியிராது. தொடங்கியதால்தான் கிட்டியது. முதற்குரலுக்கு இதைவிட நல்ல மறுமொழி இல்லை. அதே வேளையில், அந்நூல்களில் பாடல் எது, எண் எது, அடிக்குறிப்பு எது என்று கணினி தெளிவாகப் பிரித்தறியும் ஒட்டுகள் இல்லாததால், ஆய்வுக்கு எடுப்பவர் மீண்டும் உழைக்க வேண்டியுள்ளது. அந்தப் பெரும்பணியைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் தோளில் ஏறி நிற்கும் நாம் அடுத்த படியில் கால்வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வலைப்பூக்களின் ஓடைகள் இன்னொரு சான்று. ஆர்.எஸ்.எஸ். ஓடைக்கு அதிகாரமான ஸ்கீமா கிடையாது. தலைப்பு, சுட்டி, விவரம் என்னும் சில பெயர்களை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவே. அதைக்கொண்டே 2004-இல் பிறந்த தமிழ்மணம் போன்ற திரட்டிகள் உலகத் தமிழ்ப் பதிவுகளை ஓரிடத்தில் குவித்தன. அடுத்து வந்த ஆட்டம் ஓடைக்கு 2005-இல் முறையான விதிநூல் எழுதப்பட்டது. எழுதியவர்களுக்கு முன்னே ஆண்டுக்கணக்கான பட்டறிவு இருந்தது. பொதுப்பெயர் முதலில், விதிநூல் பிறகு. வரிசை இதுதான்.

பி.டி.எஃப். போதும் என்போருக்கு

ஸ்கேன் செய்த பக்கம் ஒரு நிழற்படம். அதைக் காப்பது நல்லது; கட்டாயம் காக்க வேண்டும். ஆனால் நிழற்படத்திற்குள் சொல்லைத் தேட முடியாது. ஒரு கேள்வியை மட்டும் உருவியெடுக்க முடியாது. ஆசிரியர்களே, 2016-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வின் வடிவம் மாறியபோது எத்தனை பயிற்சித்தாள்களை மீண்டும் தட்டெழுதினோம்? 2021-இல் அத்தேர்வே நீக்கப்பட்டது. தேர்வு போனாலும் நல்ல வாக்கியமும் நல்ல கேள்வியும் பயனற்றுப் போகவில்லையே! கேள்வி, விடை, விளக்கம், திறன் என்று பிரித்து ஒட்டிட்டு வைத்திருந்தால், புதிய வடிவத்திற்கு அடுக்கி எடுத்துக்கொள்வது கணினியின் வேலை ஆகியிருக்கும்.

"வேர்டு கோப்பு இருக்கிறதே" என்பீர்கள். வேர்டு 2007 முதல் நீங்கள் சேமிக்கும் கோப்பின் உள்ளே இருப்பதும் எக்ஸ்.எம்.எல். தான். ஆனால் அதிலுள்ள ஒட்டுகள் பெரும்பாலும் 'தடித்த எழுத்து', '14 புள்ளி' என்று தோற்றத்தைச் சொல்கின்றன. 'இது கேள்வி', 'இது விடை' என்று சொல்ல அதற்குத் தெரியாது, நாம் சொல்லவில்லை.

இப்போது மூன்றாவதாக ஒரு குரலும் கேட்கிறது: "செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும், ஒழுங்கு எதற்கு?" அது ஊகிக்கும், பல வேளைகளில் சரியாகவே ஊகிக்கும். தவறாக ஊகிக்கும்போதும் அதே நம்பிக்கையோடு சொல்லும் என்பதுதான் இடர். ஒட்டிடும் வேலைக்கு அதை உதவியாளராக வைத்துக்கொள்ளுங்கள், பதிவாளராக வைக்காதீர்கள். கட்டுக்கோப்பைச் சோதிக்கும் நிரலும், தோட்டத்துப் பெயர்களை அறிந்த ஒரு மனிதக் கண்ணும் இறுதியில் வேண்டும்.

செய்ய வேண்டியது

1. ஓர் ஆண்டு மலரை எடுங்கள். ஸ்கேன் செய்து படத்தைக் காத்து, உரையை ஒருங்குறியில் தட்டெழுதி ஒட்டிடுங்கள். அனுமதி கேட்க வேண்டியவர் தலைமையாசிரியர் மட்டுமே. எந்தக் குழுவும் தேவையில்லை.
2. பயன்படுத்தும் ஒட்டுப் பெயர்களையும் அவற்றின் பொருளையும் ஒரே பக்கத்தில் எழுதி, கோப்போடு வையுங்கள். அப்பக்கமே உங்கள் முதல் ஸ்கீமா.
3. பல முறை வரக்கூடியதையும் உட்பிரிவு உடையதையும் உறுப்பாக்குங்கள். ஒருமுறை மட்டும் வரும் எண், ஆண்டு போன்றவற்றைப் பண்புக்கூறாக்குங்கள்.
4. தெரியாததைத் தெரியாதது என்றே குறியுங்கள். நிரப்புவதற்காக நிரப்பாதீர்கள்.
5. ஒவ்வொரு முறை சேமித்த பின்னும் கட்டுக்கோப்பைச் சோதியுங்கள். கோப்பை உலாவியில் திறந்தாலே பிழை தெரிந்துவிடும்.
6. அண்டைப் பள்ளி ஒன்றோடு கோப்பு மாற்றிக்கொள்ளுங்கள். பெயர்கள் எங்கே மோதுகின்றன என்று பாருங்கள். பல பள்ளிகள் சேர்ந்த பிறகு முறையான ஸ்கீமா எழுதுங்கள். கட்டாயங்களைக் குறைவாகவும் விருப்பங்களை மிகுதியாகவும் வையுங்கள்.
7. பிள்ளைகளின் அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் பகிரும் கோப்புகளில் இடாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் இதில் பங்குண்டு. உங்கள் வீட்டு அலமாரியில் உள்ள பழைய ஆண்டு மலரை ஒருநாள் இரவல் கொடுங்கள். வகுப்புப் படத்தின் பின்வரிசையில் நிற்பவர் யார் என்று பாட்டியிடம் கேட்டுச் சொல்லுங்கள். அப்பெயரை இடுவதற்கு ஓர் ஒட்டு காத்திருக்கும்.

குழு கூடும் நாள் தள்ளிப்போகலாம். பாட்டியின் நினைவு அதுவரை காத்திருக்காது. திறந்த ஒட்டை மூடத் தெரிந்த எவரும் இன்றே தொடங்கலாம்.

மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக மறுத்தெழுதுங்கள். நீங்கள் தட்டெழுதிய ஓர் ஆவணத்தையும் கையில் வைத்துக்கொண்டு மறுத்தால், வாதம் இன்னும் சுவையாக இருக்கும்.